ரோட்டுக்கு அந்தப் பக்கச் சம்பளம்

எங்கள் கம்பெனி ஒரு ரோட்டின் இரண்டு பக்கமும் இருக்கிறது. மேற்கே பழைய கட்டடம். பிரஸ், லேத், பாலிஷ் என்று சத்தம் போடுகிற வேலையெல்லாம் அங்கே. கிழக்கே புதுக் கட்டடம். பேக்கிங், குடோன், ஆபீஸ். நடுவே இரண்டு லாரிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றையொன்று கடக்கிற அளவுக்கு ஒரு ரோடு. யாரோ எப்போதோ நகர எல்லை அந்த ரோட்டின் நடுவில் போகிறது என்று வரைபடத்தில் கோடு கிழித்துவிட்டார்கள். ஆக, கிழக்குப் பக்கம் நகரம், மேற்குப் பக்கம் புறநகர். ஒரே வேலைக்கு நகரத்தில் ஒரு சம்பளம், புறநகரில் அதைவிடக் குறைச்சலாக ஒரு சம்பளம். நகரத்தில் விலைவாசி அதிகமாம். அதுதான் காரணம் என்று சம்பள கிளார்க் சொல்வார்.

அந்த விலைவாசியை நாங்கள் பார்த்ததில்லை. இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒரே காய்கறிக் கடையில்தான் பேரம் பேசினோம். ஒரே டீக்கடையில்தான் கடன் சொன்னோம்.

நாங்கள் செய்வது பாபின் கேஸ். தையல் மெஷினுக்கு அடியில், நூல் சுற்றிய பாபினை வைத்து மூடுகிற சின்ன உலோகக் கூடு. அதன் வாய் ஒரு தலைமுடியின் கனத்தில் கால் பங்கு கூடினாலும் குறைந்தாலும் நூல் சிக்கும். அந்தக் கால் முடியைக் கண்டுபிடிப்பதுதான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர்களின் பிழைப்பு. மொத்தம் பத்துப் பேர். ஆறு பேர் மேற்கே, லேத்திலிருந்து வருகிற பீஸ்களை அளப்பவர்கள். நாலு பேர் கிழக்கே, பெட்டியில் போடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை பார்ப்பவர்கள். ஒரே பதவி, ஒரே படிப்பு, ஒரே நீலக் கோட்டு.

நான் கிழக்கே. என் ஓரகத்தி மேற்கே.

என் கணவரின் அண்ணன் மனைவி அவள். அக்கா என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி வந்த மறுமாதமே, வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று என்னைக் கையோடு கூட்டிப்போய் கம்பெனியில் சேர்த்துவிட்டவள் அவள்தான். அப்போது காலி இடம் கிழக்கே இருந்தது, அதனால் நான் கிழக்கே உட்கார்ந்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வருஷ அனுபவம். கம்பெனியில் பூதக்கண்ணாடி என்று பெயர். மற்றவர்கள் ஒரு பீஸை இரண்டு பக்கம் பார்ப்பார்கள் என்றால் இவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆறு பக்கம் பார்ப்பாள். அப்படிப்பட்டவளைவிட, மூன்று வருஷத்துக்காரியான எனக்குச் சம்பளம் கால் பங்கு அதிகம்.

ஒரே வீடு, ஒரே அடுப்பு. சம்பள நாளன்று நான் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருடி மாதிரி வீட்டுக்குள் நுழைவேன். அவளோ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. அதுவே எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கும்.

பேச்சை எடுத்தது அவளுடைய மகள்தான். பத்து வயது. பள்ளிக்கூடத்தில் ஏதோ உதவித்தொகைக்கு வீட்டிலுள்ள எல்லோருடைய சம்பளச் சீட்டும் கேட்டிருந்தார்கள். இரண்டு சீட்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சித்தி, நீங்க அம்மாவவிட ரொம்பக் கெட்டிக்காரியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன்டி?"

"ரெண்டு பேருக்கும் ஒரே வேலைன்னு போட்டிருக்கு. உங்களுக்குத்தானே சம்பளம் ஜாஸ்தி?"

அக்கா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சிரித்தாள். "சித்தி ரோட்டுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கா. நான் இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன். அவ்வளவுதான்."

"அப்போ நீங்களும் அந்தப் பக்கம் போய் உக்காருங்களேன்."

என் மூத்த அத்தான், அதாவது அக்காவின் கணவர், தையல்காரர். வாசல் பக்கத்து அறைதான் அவர் கடை. அங்கிருந்து குரல் வந்தது. "பாத்தியா, இவளுக்கு ரெண்டு நிமிஷத்துல தோணினது உனக்குப் பன்னெண்டு வருஷமா தோணல."

தோன்றாமல் இல்லை. மூன்று தடவை மாற்றல் கேட்டுப் பார்த்தாள். "உங்கள மாதிரி ஆளு இல்லாம மேற்குப் பக்கம் ஒரு நாள்கூட ஓடாதும்மா" என்று மூன்று தடவையும் மேனேஜர் புகழ்ந்தே அனுப்பிவிட்டார். வேலையில் கெட்டிக்காரியாக இருந்ததுதான் அவள் செய்த தப்பு.

அந்த வருஷம் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஒரு நாள் காலையில் மேற்கே குவாலிட்டி ரூமைத் திறந்தால் கூரையில் நாலு இடத்தில் ஒழுக்கு. அளவுக் கருவிகளுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. மேனேஜர் ஓடி வந்து பார்த்தார், தலையில் கை வைத்தார். கிழக்கே எங்கள் பேக்கிங் ஹாலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அறை சும்மா கிடந்தது. "கூரை சரியாகிற வரைக்கும் எல்லாரும் அங்க போங்க" என்றார்.

அன்றைக்கு அந்த ரோட்டைப் பார்த்திருக்க வேண்டும். ஆறு இன்ஸ்பெக்டர்கள், ஆளுக்கொரு கருவியைத் துணியில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, தலைக்கு மேல் குடையோடு வரிசையாக ரோட்டைத் தாண்டினார்கள். லாரிக்காரர் ஒருவர் ஹாரன் அடிக்காமல் நிறுத்தி, கடைசி ஆள் தாண்டுகிற வரை காத்திருந்தார். கருவிகளை வைத்து அளக்கிற, பளபளவென்று தேய்த்த கல் மேஜையை எட்டுப் பேர் சுமந்து வந்தார்கள்.

மாசக் கடைசியில் சம்பள கிளார்க் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். முகம் வேப்பங்காயைத் தின்ற மாதிரி இருந்தது.

"வேலை எங்க நடக்குதோ அந்த இடத்துச் சம்பளம்தான் தரணும்னு விதியில இருக்கு. நான் பத்துத் தடவ படிச்சுப் பாத்துட்டேன். வேற மாதிரி அர்த்தம் பண்ண முடியல. உங்க ஆறு பேருக்கும் இந்த மாசத்துலேர்ந்து நகரச் சம்பளம்."

அதைக் கேட்டு எழுந்த கூச்சலில் பேக்கிங் ஹாலில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வந்துவிட்டார்கள்.

அந்த மாசம் ஒருத்தி பல் டாக்டரிடம் போனாள். ஒருவர் சைக்கிளை விற்றுவிட்டுப் பழைய ஸ்கூட்டர் வாங்கினார். அக்கா ஒரு முழு உயர நிலைக்கண்ணாடி வாங்கினாள், அத்தானின் கடைக்கு. அதுவரை அங்கே இருந்தது ஒரு முழத்துக் கண்ணாடி. வருகிறவர்கள் மேலே ஒரு தடவை, குனிந்து கீழே ஒரு தடவை என்று தங்களை இரண்டு தவணையாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். புதுக் கண்ணாடி வந்ததும் அத்தான் முதலில் தானே போய் அதன் முன்னால் நின்றார்.

"ஏய், எனக்குத் தொப்பை இருக்குன்னு இத்தன நாளா ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா நம்பியிருக்க மாட்டீங்க. அதான் சாட்சியோட வந்திருக்கேன்" என்றாள் அக்கா.

அந்த மூன்று மாதம் எனக்கும் நிம்மதி. சம்பள நாளில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக நடந்து வந்தோம், பையை வீசிக்கொண்டு.

இந்த இடத்தில் லேத்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனியிலேயே பழைய லேத் ஆள். பெயர் கடுகு. கோபம் வந்தால் எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி படபடவென்று வெடிப்பார், அடுத்த நிமிஷம் ஒன்றும் இருக்காது. இரண்டு வருஷமாக அவருக்கும் அக்காவுக்கும் ஆகாது. அவர் கடைகிற பீஸ்களில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது என்று அக்காவின் அறை தள்ளிக்கொண்டே இருந்தது. தள்ளுகிற பீஸ் கூடினால் லேத்காரர்களுக்குத் தர போனஸ் கிடையாது. "முப்பது வருஷமா இதே கைதான் கடையுது! பூதத்துக்கு என் பீஸ் மட்டும்தான் கண்ணுல படுமா?" என்று மாசம் ஒரு தடவையாவது வாசலில் வந்து கத்திவிட்டுப் போவார். அக்கா அளந்த கணக்கை நீட்டுவாள்.

ஆனால் இந்த மூன்று மாதமாக அவர் பீஸ்கள் மடமடவென்று தேறின. காரணம் எங்களுக்கெல்லாம் தெரியும். மழைக்கு முந்தின வாரம்தான் அவர் புதுசாக மூக்குக்கண்ணாடி மாற்றியிருந்தார். இரண்டு வருஷத்தில் அது மூன்றாவது. "தெய்வமய்யா அந்தக் கடைக்காரர்!" என்று சொல்லி லேத் செக்‌ஷனில் பாதிப் பேரை அந்தக் கடைக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் பீஸ்களும் தேறின. கடைக்காரர் இவருக்கு ஒரு கண்ணாடிக் கூடு இனாமாகக் கொடுத்தார் என்று கேள்வி.

மூன்றாவது மாசக் கடைசியில் கூரை வேலை முடிந்தது. மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார்.

"ரூம் தயாரா இருக்கும்மா. செவ்வாக்கிழமை மத்தியானம் போய்ப் பாத்து, எல்லாம் சரின்னா கையெழுத்துப் போட்டுடுங்க. புதன்கிழமையே இடம் மாத்திடலாம்."

கையெழுத்துப் போட்டால் புறநகர்ச் சம்பளம். மற்ற ஐந்து பேரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நீங்க பாத்து குறை இல்லாத பொருள்னு ஒண்ணு உலகத்துல இருக்காக்கா? ஏதாவது எழுதுங்க. சுவத்துல விரிசல்னு எழுதுங்க."

"விரிசல் இருந்தா எழுதறேன்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி இல்லன்னு எழுதறேன்."

பல் டாக்டரிடம் போனவள், பாதிப் பல்தான் முடிந்திருக்கிறது என்று அழுகிற குரலில் சொன்னாள். அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, ஒரு போர்வையின் இரண்டு முனையை அவளும் இரண்டு முனையை நானும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் மனசைத் திறந்தாள்.

"நீயும் செவ்வாக்கிழமை கூட வா."

"நான் எதுக்குக்கா?"

"என் கண்ணு மேல எனக்கே நம்பிக்கை இல்ல. இப்பவே மனசு ஓட்டை ஒடசல் எங்க எங்கன்னு தேடுது. எனக்கும் அந்தச் சம்பளம் வேணும்டி. நான் இல்லாத குறையச் சொன்னா நீ உடனே நிறுத்தணும். உனக்கு இதுல லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல."

நஷ்டம் இல்லையா? எனக்கு இருந்த நஷ்டம் அவளுக்குத் தெரியாது. சொல்லாமல் போர்வையை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளை. மெஷின்களெல்லாம் நிறுத்தியிருந்த நேரம், மேற்குக் கட்டடம் அதிசயமாக அமைதியாக இருந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை. அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். தோட்டக் குழாயை ஏணியில் ஏற்றி, கூரை மேல் இருபது நிமிஷம் தண்ணீர் பாய்ச்சச் சொன்னாள். உள்ளே நான் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. விளக்கு வெளிச்சத்தை அளந்தாள். போதும் போதும் என்கிற அளவுக்கு இருந்தது. தரையில் ரசமட்டம் வைத்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது. ஜன்னல், கதவு, சுவர், மின்சார இணைப்பு எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தாள். கடைசியில் பெருமூச்சு விட்டாள்.

"நல்ல வேலை பண்ணியிருக்கான் கொத்தனார். பாவி."

கடைசியாக ஒன்று பாக்கி. ஒரு பாபின் கேஸை அளந்து பார்க்க வேண்டும். கையோடு கொண்டுவந்திருந்த டயல் கேஜை அங்கே போட்டிருந்த இன்னொரு கல் மேஜையில் வைத்தாள். கடிகாரம் மாதிரி வட்ட முகமும் ஒரு முள்ளும் உள்ள கருவி அது. பீஸை அதன் அடியில் வைத்தால் அளவு எத்தனை என்று முள் காட்டும். வைத்தாள். முள் போய்ச் சரியான கோட்டில் நின்றது. இன்னொரு தடவை வைத்தாள். அதே கோடு.

"அவ்வளவுதான்" என்று பேனாவைத் திறந்தாள். பெயரின் முதல் எழுத்தையும் போட்டுவிட்டாள்.

இடைவேளை முடிந்ததற்கான மணி அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய பிரஸ் மெஷின் உறுமிக் கிளம்பியது. தொம்... தொம்... தொம்...

அக்காவின் கை நின்றுவிட்டது. அவள் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீஸ் அப்படியே அடியில் இருந்தது, யாரும் தொடவில்லை. முள் மட்டும் இருந்த இடத்தில் நிற்காமல், குளிரில் நடுங்குகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடித்துக்கொண்டிருந்தது.

"நீ பாரு" என்றாள். "நான் பாக்கறது நிஜமா?"

"நிஜம்தான்க்கா. ஆடுது."

ஒரே பீஸைப் பத்துத் தடவை எடுத்து எடுத்து வைத்து அளந்தாள். ஆறு விதமான அளவு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அக்கா! குறை கிடைச்சிடுச்சு! உண்மையான குறை! இந்த ரூம்ல அளக்கவே முடியாது!"

அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. வெளிறிப்போய் மேஜை விளிம்பில் உட்கார்ந்தாள்.

"இந்தப் பிரஸ் வந்து எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"கடுகுக்கும் எனக்கும் சண்டை ஆரம்பிச்சு?"

"அதுவும் ரெண்டு வருஷம்தான்க்கா."

"ரெண்டு வருஷமா இந்த முள்ளு எங்க கண்ணு முன்னாடி ஆடிட்டுத்தான் இருந்திருக்கு. பழகிப்போச்சு, தெரியல. அங்க வந்து மூணு மாசம் ஆடாத முள்ளப் பாத்ததாலதான் இன்னிக்கு இது ஆடுறதே கண்ணுல படுது. கேஜ சரிபாக்க வர்ற ஆளும் லீவு நாள்ல, மெஷின் ஓடாதப்பத்தான் வருவான். அவனுக்கும் தெரிஞ்சிருக்காது. சந்தேகமா இருந்தா தள்ளிடுங்கன்னு எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்ததே நான்தான்." கேஜுக்கு அடியிலிருந்த பீஸை எடுத்தாள். "அந்த மனுஷனோட நல்ல பீஸெல்லாம் நான் குப்பையில போட்டிருக்கேன்டி."

கம்பெனியில் தள்ளின பீஸ்களை ஆறு மாதம் பழைய கட்டடத்தில் ஒரு அறையில் பூட்டி வைத்திருந்துவிட்டுத்தான் உருக்க அனுப்புவார்கள். அக்கா நேராக அங்கே போய், மழைக்கு முந்தின மாசத்துப் பெட்டி ஒன்றை எடுத்தாள். மேலே கடுகுவின் லேத் எண் எழுதியிருந்தது. கிழக்கே கொண்டுவந்து, மற்ற ஐந்து பேரையும் உட்கார வைத்து, இருநூறு பீஸையும் மறுபடி அளக்கச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் முடிந்தது. இருநூறில் நூற்று அறுபத்தெட்டு பீஸ் நல்ல பீஸ்.

ஸ்கூட்டர் வாங்கினவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ரூம் அதிருதுன்னு மட்டும் எழுதுவோம்க்கா. பழைய கதை எதுக்கு? நாம ரெண்டு வருஷமா தப்பா அளந்தோம்னு நாமளே போய்ச் சொல்லணுமா? வேலைக்கே உலை வச்சிடுவாங்க."

"நம்ம தப்ப மறைச்சுட்டு, நமக்கு வேணுங்கறத மட்டும் சொல்றதா?" என்றாள் அக்கா. "அப்புறம் நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒரு பீஸத் தள்ளுவேன்?"

மறுநாள் காலை இரண்டையும் எழுதிக்கொண்டு மேனேஜர் முன்னால் நின்றாள். நானும் கூடப் போயிருந்தேன். மேனேஜர் படித்தார். அந்தப் பிரஸ்ஸைத் தேடி அலைந்து வாங்கியவரே அவர்தான். முகம் சிவந்துவிட்டது.

"கூரை நல்லாயிருக்கு, வெளிச்சம் நல்லாயிருக்கு, ஆனா ரூம் ஆகாது. அப்படித்தானே? நகரச் சம்பளம் போயிடுமேன்னு ஆறு பேரும் சேர்ந்து கதை கட்டறீங்களா?"

"நான் சொல்றத நம்ப வேண்டாம் சார். நீங்களே வந்து அளங்க."

வந்தார். அளந்தார். முதல் தடவை ஒரு அளவு, இரண்டாம் தடவை இன்னொன்று. கையைக் கழுவி, துடைத்துவிட்டு அளந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் தொம் தொம் என்றது. கடைசியில் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, முழங்காலில் உட்கார்ந்து முள்ளைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தார். பத்துத் தடவைக்கு ஏழு விதமாக வந்தது. பீஸைக் கையில் பொத்திக்கொண்டு எழுந்தார். ரோட்டைத் தாண்டிக் கிழக்கே வந்து, அங்கே இருந்த கேஜில் வைத்தார். பத்துத் தடவையும் ஒரே கோடு.

வெகுநேரம் அந்த முள்ளையே பார்த்தார். "ரெண்டு வருஷமா லேத் ஆளுங்களத் திட்டித் தீர்த்தேன்மா" என்றார், மெதுவாக.

"நான் அளந்து குடுத்தத நம்பித்தானே சார் திட்டினீங்க. அவங்ககிட்ட முதல்ல நான்தான் பேசணும்."

அன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் அக்கா லேத் செக்‌ஷனுக்குப் போனாள். நீலக் கோட்டு அந்தப் பக்கம் வருவதே அபூர்வம். கடுகு டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்தார்.

"என்ன பூதம், வீட்டுக்கே வந்து தள்ளப்போறியா?"

அக்கா எல்லோர் முன்னாலும் நின்று, முழுசாகச் சொன்னாள். பிரஸ், அதிர்வு, நூற்று அறுபத்தெட்டு பீஸ், எதையும் விடவில்லை. "தப்பு எங்களோடது அண்ணே. உங்க கையில இல்ல. என்னை மன்னிச்சிடுங்க."

கடுகு வெடிக்கப்போகிறார் என்று நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அவர் வெடிக்கவில்லை. தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ என் கை சரியாத்தான் இருக்கா?"

"சரியா இருக்கண்ணே."

"நெசமா?"

"நூத்து அறுபத்தெட்டு தடவ அளந்து பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

"கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சுன்னு நெனச்சேன். வயசாயிடுச்சு, வேலைய விட்டுடலாம்னு வீட்டுல சொல்லிட்டேன். என் வீட்டம்மா ஒரு வாரம் அழுதா." அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தவர், திடீரென்று நிமிர்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, அப்போ இது காரணம் இல்லையா?"

"இல்லண்ணே."

"மூணு கண்ணாடி வாங்கினேனே! எட்டு பேர அவன்கிட்ட அனுப்பி வச்சேனே!"

அந்த எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தங்கள் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. கடுகுதான் என்று நினைக்கிறேன். ஒரு நிமிஷத்தில் லேத் செக்‌ஷனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஒருவர் மட்டும், "எனக்கு இதுல நிஜமாவே நல்லாத்தான் தெரியுது" என்று மறுபடி மாட்டிக்கொண்டார். அதற்கு இன்னொரு தடவை சிரித்தார்கள்.

பத்து நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் கடிதம் வந்தது. குவாலிட்டி ரூம் இனிமேல் நிரந்தரமாகக் கிழக்கே. லேத்காரர்களுக்கு இரண்டு வருஷத் தர போனஸும் மொத்தமாக. உருக்கப் போகிற நிலையில் இருந்த நல்ல பீஸ்களை மீட்டதில் கம்பெனிக்கே பெரிய லாபம் என்பதால் யாருடைய வேலைக்கும் உலை வைக்கப்படவில்லை. சம்பள கிளார்க் ஆறு பேரின் பெயரையும் நகரப் பட்டியலில் பேனாவால் எழுதினார். அதுவரை பென்சிலால் எழுதியிருந்தாராம்.

"அப்படியே என் லேத்தையும் தூக்கிட்டுப் போங்கம்மா அந்தப் பக்கம்" என்றார் கடுகு. விளையாட்டாகத்தான் சொன்னார். அக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே சம்பளம் கேட்டு ஒரு மனு எழுதினாள். முதல் கையெழுத்தை என்னைப் போடச் சொன்னாள். ஒரே வாரத்தில் முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. மேனேஜர் அதை வாங்கிப் படித்துவிட்டு, மேலே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வாங்கிக் கொண்டதே பெரிய விஷயம் என்று பேசிக்கொள்கிறோம்.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் வீட்டில் சமையல் என் முறை. அக்கா பின்னால் வந்து நின்று கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கி, ருசி பார்த்து, உப்புப் போட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே கதைதான். கால் பங்கு கூடுதல் சம்பளம் வாங்குகிற குற்ற உணர்ச்சியில் நான் மூன்று வருஷமாக மூச்சுக் காட்டினதில்லை. அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, கரண்டியைத் திருப்பிப் பிடுங்கினேன்.

"போதும்க்கா! நீங்க போடுற உப்பு யாராலயும் வாயில வைக்க முடியல!"

அவள் அசந்துபோனாள். "என்னது? மூணு வருஷமா ரசிச்சு ரசிச்சுத் தின்னியே?"

"ரசிச்சேன்னு யாரு சொன்னா? முழுங்கினேன்!"

"அடிப்பாவி! கம்பெனியில ரெண்டு வருஷத் தப்புன்னா வீட்டுல மூணு வருஷமா?"

அத்தான் தையலை விட்டுவிட்டு வாசற்படியில் வந்து நின்றார். என் கணவர் பேப்பரை மடித்தார். அக்காவின் மகள் ஓடி வந்து நடுவில் நின்று, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் ஆளுக்கொரு கரண்டியை வைத்துக்கொண்டு அடுப்படி அதிரச் சண்டை போட்டோம். உப்பில் ஆரம்பித்து, துணி காயப்போடுகிற கம்பி, குளிக்கிற நேரம், அவள் குறட்டை, என் போன் பேச்சு என்று ஒவ்வொன்றாக வந்தது. அரை மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக அந்த வீட்டில் நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.